ஓடிஜி சூடாகவில்லையா? ராடு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் டிசம்பர் நெருங்கினால் கேக் வாசனை தெருவுக்குத் தெரு கிளம்பிவிடும். அதற்கு முன்பே என் வீட்டுத் திண்ணைக்கு ஓடிஜிகள், அதாவது ராடு என்னும் மின்சாரக் கம்பி சிவந்து சூடு தரும் சின்ன ஓவன்கள், வந்து சேரும். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்களுக்கு ஓவன் பார்த்துக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் கையில் புது ராடோடுதான் வருகிறார்கள். "அண்ணாச்சி, சூடே ஆக மாட்டேங்குது. ராடுதான் போயிருக்கும், மாட்டி மட்டும் குடுங்க" என்பார்கள். திறந்து பார்த்தால் ராடு நன்றாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் யோசித்தாலே இது விளங்கும். ஓடிஜியில் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று ராடுகள் இருக்கின்றன. மேலும் கீழும் ஒரே நாளில் சேர்ந்து போவது அபூர்வம். மொத்தமாகவே சூடு வரவில்லை என்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது: சுவர் பிளக், ஒயர், தெர்மல் ஃபியூஸ் (சூடு மீறினால் அறுந்து காப்பாற்றுவது), டைமர், தெர்மோஸ்டாட் (வைத்த சூட்டில் நிறுத்துவது), நடுவில் உள்ள இணைப்புகள். ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால்தான் ராடு மேல் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் பேசுவது ராடு சிவந்து எரியும் ஓடிஜியைப் பற்றி மட்டும். மைக்ரோவேவ் ஓவனைத் தயவுசெய்து வீட்டில் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். ஓடிஜியில் அந்த ஆபத்து இல்லை. பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டால் தைரியமாகக் கை வைக்கலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

திறக்காமலே பார்க்க வேண்டியவை

டைமர் பூஜ்யத்தில் இருந்தால் எந்த ஓடிஜியும் சூடாகாது. இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்போம். ஆனால் புதிதாக வாங்கியவர்கள் டெம்பரேச்சரை 180-க்குத் திருப்பிவிட்டு டைமரைத் தொடாமல் காத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று குறைந்த நேரம் வைக்கும்போது, முதலில் இருபதுக்கு மேல் திருப்பிவிட்டு அப்புறம் பின்னால் கொண்டுவாருங்கள். அப்போதுதான் பல டைமர்களில் உள்ளே காண்டாக்ட் சரியாக உட்காரும். எந்த ராடு எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் குமிழையும் பாருங்கள். ஆஃபில் நிற்கலாம், கறிக் கம்பியைச் சுற்றும் மோட்டார் மட்டும் ஓடும் இடத்தில் நிற்கலாம்.

"டைமர் டிக் டிக்குன்னு ஓடுதே, அப்போ கரண்ட் வருதுதானே?" என்று கேட்பார்கள். கரண்டுக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது சாவி கொடுக்கும் கடிகாரம் போல ஸ்பிரிங்கில் ஓடுவது. பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் ஓடும், நேரம் முடிந்தால் மணியும் அடிக்கும். சத்தத்தை நம்பாதீர்கள்.

விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் டைமரைத் தாண்டி மின்சாரம் வந்தால்தான் முகப்பில் உள்ள சின்ன விளக்கு எரியும். விளக்கு எரிகிறது, சூடு இல்லை என்றால் தெர்மோஸ்டாட், செலக்டர், ராடு பக்கம் போங்கள். விளக்கே எரியவில்லை என்றால் சுவரிலிருந்து டைமர் வரைக்கும் தேடுங்கள். எல்லா மாடலும் ஒரே மாதிரி வயரிங் செய்யப்படுவதில்லை. அதனால் இதை ஒரு திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ராடு சிவந்து, கொஞ்ச நேரத்தில் கறுத்துவிட்டால் பதற வேண்டாம். வைத்த சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் ராடை அணைக்கும். சூடு இறங்கினால் மறுபடி போடும். அதுதான் அதன் வேலை. கதவை மூடி வைத்து கண்ணாடி வழியாகக் கவனியுங்கள். மறுபடி சிவந்தால் ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது.

சுவரில் ஆரம்பியுங்கள்

நான் பார்க்கும் கோளாறுகளில் நிறைய, ஓவனுக்கு வெளியேதான் இருக்கின்றன. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். ஃபேனுக்கும் டிவிக்கும் வைத்திருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஓவனோடு வரும் தடித்த பின் பிளக் அதில் நுழையாது. உடனே கடையில் ஒரு கன்வெர்ட்டர் பிளக் வாங்கிச் செருகுகிறார்கள், இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் போர்டு. கேக் வேகவே ஐம்பது நிமிடம் ஆகும், அதற்கு முன் பத்து நிமிடம் ப்ரீஹீட். ஒரு மணி நேரம் அந்தச் சின்னக் காண்டாக்ட் வழியாக அவ்வளவு கரண்ட் ஓடினால் அங்கேதான் சூடு பிறக்கும். உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிங் விறைப்பை இழக்கும். பிடி தளரத் தளர இன்னும் சூடாகும். ஒருநாள் தொடர்பே அறுந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால், பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தால், வேறு எதையும் தேட வேண்டாம். சாக்கெட்டையும் பிளக்கையும் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டாகப் போடுங்கள். அதற்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஃபேன் லைனிலிருந்து இழுத்து ஒரு பெரிய சாக்கெட்டை மட்டும் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுவருக்குள் தீயை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பது முழுப் பதிலைத் தராது. டெஸ்டர் பேஸை மட்டும்தான் காட்டும். நியூட்ரல் விட்டுப்போயிருந்தாலும் டெஸ்டர் எரியும், ஓவன் எரியாது. செல்போன் சார்ஜர் வேலை செய்கிறது என்பதும் ஆதாரம் இல்லை. நூல் அளவு தொடர்பு இருந்தாலே அது ஓடும். இஸ்திரிப் பெட்டியைச் செருகி ஐந்து நிமிடம் சூடாக்கிப் பாருங்கள். அது வழக்கம்போலச் சூடாகி, சாக்கெட் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை என்றால் சுவர் சரி.

சுவர் சரிதான், ஓவனும் எரிகிறது, ஆனால் சூடு ஏறவே மாட்டேன் என்கிறது, அதுவும் சாயங்காலத்தில் மட்டும். இந்தப் புகார் லைனின் கடைசியில் இருக்கும் கிராமங்களிலிருந்துதான் அதிகம் வரும். காரணம் வோல்டேஜ். ராடு தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 180 வந்தால் சக்தி 61 சதவீதம்தான். 1500 வாட் ஓவன் 920 வாட் ஓவனாகிவிடும். அதில் கேக் உப்பி நடுவில் அமுங்கிப் போகும். ராடு மாற்றினாலும் தெர்மோஸ்டாட் மாற்றினாலும் இதற்குத் தீர்வு இல்லை. வோல்டேஜ் நன்றாக வரும் நேரத்தில் அடுப்பை ஏற்றுங்கள். ஸ்டெபிலைசர் வாங்குவதென்றால் ஓவனின் முழு வாட்டையும் தாங்கக்கூடியதாகப் பாருங்கள். டிவி ஸ்டெபிலைசர் ஆகாது.

பிளக்கின் இரண்டு பின்னில் ஒரு சோதனை

இதைத்தான் ரொம்ப ஆசையோடு சொல்லித் தருகிறேன். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், ஓவனைத் திறக்கவே வேண்டாம். பட்டனும் டிஸ்ப்ளேயும் உள்ள டிஜிட்டல் மாடலுக்கு மட்டும் இது பொருந்தாது. திருகும் குமிழ் உள்ளவற்றுக்கெல்லாம் பொருந்தும்.

பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்து விடுங்கள். டைமரை முழுதாகத் திருப்புங்கள். டெம்பரேச்சர் குமிழை உச்சத்தில் வையுங்கள். செலக்டரை மேல் கீழ் இரண்டும் எரியும் இடத்தில் வையுங்கள். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, பிளக்கின் இரண்டு சின்னப் பின்களில் ஒவ்வொரு முனையைத் தொடுங்கள். பெரிய பின் எர்த், அதை விடுங்கள்.

எவ்வளவு காட்ட வேண்டும்? 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை ஓவனின் வாட்டால் வகுத்தால் வருவதுதான் ஓம். 1200 வாட்டுக்கு 44, 1500 வாட்டுக்கு 35, 2000 வாட்டுக்கு 26. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். வாட் எவ்வளவு என்று ஓவனின் பின்புறத் தகட்டில் ஒட்டியிருக்கும்.

கணக்குக்கு அருகில் காட்டினால் உங்கள் ஓவனில் ஒயர், டைமர், தெர்மோஸ்டாட், செலக்டர், ராடு எல்லாவற்றிலும் பாதை அறுபடாமல் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் சுவருக்கே போங்கள். மீட்டர் எண்ணே காட்டாமல் நின்றால் உள்ளே எங்கோ பாதை அறுந்திருக்கிறது. கணக்கைப் போல இரண்டு மடங்கு காட்டினால் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது. செலக்டரை மேலே மட்டும், கீழே மட்டும் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் மீட்டர் பேசாமல் இருக்கிறதோ அதுதான் நோயாளி.

அளந்துகொண்டே ஒயரைப் பிளக்கின் கழுத்திலும், ஓவனுக்குள் நுழையும் இடத்திலும் லேசாக வளைத்து ஆட்டுங்கள். எண் வந்து வந்து போனால் ஒயர் உள்ளுக்குள் முறிந்திருக்கிறது.

கடைசியாக, எர்த் பின்னுக்கும் ஓவனின் பெயிண்ட் இல்லாத தகட்டுக்கும் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், சூடானாலும் சரி, அந்த ஓவனைப் பயன்படுத்தாதீர்கள். இரும்பு உடம்பு, ஈரக் கை, வெறும் கால். இந்த மூன்றும் சேரும் இடம் சமையலறை. எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

திறந்த பிறகு

பின்புறத் திருகுகளையும் பக்கத்துத் திருகுகளையும் கழற்றினால் வெளித் தகடு வந்துவிடும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஒயரையும் பிடுங்குவதற்கு முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

முதலில் மீட்டரை எடுக்காதீர்கள், கண்ணால் பாருங்கள். குமிழ்களுக்குப் பின்னால் டைமர், தெர்மோஸ்டாட், செலக்டர் மூன்றும் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒயர்கள் தட்டையான லக் (ஒயர் முனையில் உள்ள உலோகக் கவ்வி) வழியாகச் செருகப்பட்டிருக்கும். நல்ல லக் வெள்ளி போலவோ பித்தளை போலவோ இருக்கும். கெட்ட லக் நீலம் பூத்து, பழுப்பேறி இருக்கும். அதையொட்டிய ஒயரின் உறை காய்ந்து விறைத்திருக்கும். சுவர்ச் சாக்கெட்டில் நடந்த அதே கதைதான் இங்கேயும். சூடு ராடில் வராமல் இணைப்பில் வந்துகொண்டிருக்கிறது. நிறம் மாறாமல் வெறுமனே தளர்ந்த லக்கைக் கழற்றி, குறட்டால் லேசாக இறுக்கிச் செருகலாம். நிறம் மாறியதை இறுக்கிப் பயனில்லை, விறைப்பு போய்விட்டது. வெட்டி எறிந்துவிட்டு புது லக்கைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது ஒயரோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வையுங்கள்.

ஈயப்பற்று வைக்காதீர்கள். பற்று வைக்கும் சாதாரண ஈயக் கலவை 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். நீங்கள் கேக் வைப்பது 180-இல், பீட்சா வைப்பது 230-இல். இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம், அது உருகி ஒழுகும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய பிவிசி ஒயரையும் போடாதீர்கள். அது 70 டிகிரிக்குத்தான் தாங்கும். ஹீட்டர் சாமான் விற்கும் கடைகளில் கண்ணாடி நூல் உறை போட்ட ஒயரும் ஸ்லீவும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதுதான் இதற்கு.

எறும்பு கூடு கட்டியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வருடத்தில் பத்து மாதம் பரணில் இருக்கும் ஓவனில் இது சகஜம்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மீட்டரைக் கன்டினியூட்டியில் (பாதை அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் இடம்) வைத்து ஒவ்வொன்றாகப் போங்கள். அளக்கும் பாகத்திலிருந்து ஒரு பக்க லக்கையாவது கழற்றிவிட்டு அளந்தால்தான் பதில் சுத்தமாக வரும். டைமர்: திருப்பினால் பீப் அடிக்க வேண்டும், பூஜ்யத்துக்கு வந்தால் நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட்: ஆறிய ஓவனில் குமிழைத் திருப்பும்போது ஒரு 'டிக்' கேட்கும், அதற்கு மேல் எந்த இடத்திலும் பீப் வர வேண்டும். வராவிட்டால் காண்டாக்ட் தீய்ந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த முறை காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், அப்போது ஓவன் அணையவே அணையாது. தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள், பெரிய விலை இல்லை.

தெர்மல் ஃபியூஸ் சில மாடல்களில் உண்டு. ஒயர் நடுவில், வெள்ளை ஸ்லீவுக்குள், சுண்டுவிரல் நுனி அளவு உலோகக் குப்பி மாதிரி இருக்கும். எத்தனை டிகிரி, எத்தனை ஆம்பியர் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். பீப் வராவிட்டால் போய்விட்டது. ஒருமுறை போனால் போனதுதான். அதே எண்கள் உள்ளதையே வாங்குங்கள். கிரிம்ப் செய்துதான் மாட்ட வேண்டும், பற்று வைக்கும் சூட்டிலேயே அது போய்விடும். ஃபியூஸை வெட்டிவிட்டு நேராக ஒயரை முறுக்கிக் கொடுக்கும் ஆட்களிடம் ஓவனைக் கொடுக்காதீர்கள். அந்த ஃபியூஸ் போனதற்குக் காரணம் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

உண்மையிலேயே ராடு போயிருந்தால்

ஒரு ராடின் இரண்டு முனைகளிலும் அளந்து எண் வரவில்லை என்றால் அது போய்விட்டது. பல ஓடிஜிகளில் மேல் ஜோடி இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில் இணைக்கப்பட்டிருக்கும். அதனால் ஒன்று போனாலும் இரண்டும் எரியாது. அப்படி இருக்கும்போது பழைய ராடில் 110 அல்லது 115 வோல்ட் என்று போட்டிருந்தால் தவறான ராடு என்று நினைத்து 230 வோல்ட் ராடை வாங்கி மாட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் 230-ஐப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்காமல், பழைய ராடைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நீளம், வாட், வோல்ட், முனையின் அமைப்பு நான்கும் ஒத்துப்போக வேண்டும். கண்ணாடிக் குழாய் ராடாக இருந்தால் எண்ணெய்க் கையால் தொடாதீர்கள், துணி வைத்துப் பிடியுங்கள். உடைந்த பீங்கான் தொப்பியோடு எதையும் மாட்டாதீர்கள்.

ராடு சீக்கிரம் சீக்கிரம் போகிறது என்றால் அடித்தட்டைப் பாருங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று அலுமினியத் தாளை விரித்து வைப்பார்கள். அது சூட்டைக் கீழ் ராடின் மேலேயே திருப்பி அடிக்கும். வெண்ணெய் சொட்டும் என்றால் டின்னுக்குக் கீழ் ஒரு தட்டு வையுங்கள், ராடுக்கு அடியில் எதுவும் வேண்டாம்.

சுவிட்சைப் போட்டதும் வீடே அணைந்தால்

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். கேக் காலம் அதை ஒட்டியே வருகிறது. போன கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பரணில் ஏற்றிய ஓவன் அந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு இறங்கி வரும். இரும்புக் குழாய் ராடுக்குள் கம்பிச்சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். அந்தத் தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓவனின் இரும்பு உடம்புக்குக் கசியும். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்க வீடுகளில் வைக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். அது விழுவது உங்களைக் காப்பாற்ற. அதை எடுத்துவிட்டு ஓவனை ஓட்டலாம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

ஓவனை இரண்டு நாள் நல்ல வெயிலில் கதவைத் திறந்து வையுங்கள். அப்புறமும் விழுந்தால் ராடைக் கழற்றிக் கொண்டுபோய், மெகர் (கசிவை அளக்கும் மீட்டர்) வைத்திருக்கும் ஆளிடம் 500 வோல்ட்டில் சோதிக்கச் சொல்லுங்கள். ஈரம் என்றால் மிதமான சூட்டில் வைத்து உலர்த்தித் தருவார்கள். உலர்த்தியும் கசிந்தால் உறையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். அடுத்த வருடம் இது வராமலிருக்க ஒரே வழி, மாதம் ஒருமுறை கால் மணி நேரமாவது ஓவனை ஓட்டுவது.

சுவருக்குள் பதிக்கும் பெரிய ஓவன்களுக்குள் நீங்கள் போக வேண்டாம், கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிடும் முன் கடிகாரம் மட்டும் பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு எண்கள் மினுக்கிக்கொண்டே இருந்தால் சில மாடல்கள் நேரம் வைக்கும்வரை சூடாகவே மாட்டா.

எல்லாம் மாட்டி முடித்ததும் தகட்டை மூடி, பின்னில் அந்த ஓம் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள். எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் நடுவில் எந்த எண்ணும் வரக்கூடாது. அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து, வெறும் ஓவனை 15 நிமிடம் உச்ச சூட்டில் ஓட்டுங்கள். புது ராடின் மேல் பூச்சு எரிந்து கொஞ்சம் புகையும் வாடையும் வரும், அது போய்விடும். அந்த நேரத்தில் சாக்கெட்டையும் பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் உடனே அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கவனியுங்கள். வெதுவெதுப்போடு நின்றால் முட்டையை அடிக்க ஆரம்பிக்கலாம்.